திறந்தவை, இடிந்தவை, இதர

பொதுப்பணி அலுவலகத்தின் மூன்றாம் மாடியில் படப்பிரிவு என்று ஓர் அறை இருந்தது. துறை கட்டிய பாலம், பள்ளிக்கூடம், தண்ணீர்த் தொட்டி, ஆஸ்பத்திரி என்று எல்லாவற்றையும் ஐம்பது வருடமாகப் படம் எடுத்து, அந்த நெகட்டிவ்களையும் ஸ்லைடுகளையும் அங்கேதான் வைத்திருந்தார்கள். வைத்திருந்தார்கள் என்பது மரியாதைக்குச் சொல்வது. போட்டிருந்தார்கள்.

அந்த அறைக்குப் பொறுப்பாளராக ஒரு பெண்மணி வந்து ஆறு வருடமாகியிருந்தது. வயது நாற்பத்தெட்டு. அலுவலகம் முழுக்க அவரை நெகட்டிவ் அக்கா என்றுதான் கூப்பிட்டது. வேலை நெகட்டிவோடு என்பது ஒரு காரணம். எதைக் கேட்டாலும் முதலில் "முடியாது" என்பார் என்பது அதைவிடப் பெரிய காரணம். அந்த பீரோ மேல் ஹெல்மெட்டை வைக்கலாமா? முடியாது. இந்த மேஜையில் டீ குடிக்கலாமா? முடியாது. ஜன்னலைத் திறக்கலாமா? முடியவே முடியாது.

அக்காவுக்கு முன்னால் இருந்தவர் அறுபதாயிரம் நெகட்டிவ்களையும் மூன்றே வகையாகப் பிரித்துவிட்டு ஓய்வு பெற்றிருந்தார். பீரோக்களின் மேல் பெயின்டால் எழுதியிருந்தது: திறந்தவை, இடிந்தவை, இதர. ரிப்பன் வெட்டியதெல்லாம் முதல் வகை. சில உறைகளில் 'திறந்தவை' என்பதை அடித்துவிட்டு 'இடிந்தவை' என்று எழுதி, தேதி போட்டு, சின்னதாகக் கையெழுத்தும் வைத்திருந்தார். ஒரு பள்ளிக்கூடத்துக்கு இரண்டு தேதிக்கும் நடுவில் பதினொரு மாதம்தான் இருந்தது.

அக்கா வந்து இரண்டாவது வருடம் ஒரு வாடை கிளம்பியது. பக்கத்து அறையிலிருந்த கணக்குப் பிரிவு புகார் எழுதிக் கொடுத்தது: படப்பிரிவில் யாரோ ஊறுகாய் போட்டு வைத்திருக்கிறார்கள், மூக்கைத் திறக்க முடியவில்லை. அலுவலகக் கண்காணிப்பாளர் கடமையில் கண்ணான மனிதர். அன்றைக்கே அக்காவுக்கு ஒரு குறிப்பாணை வந்தது. 'அலுவலக நேரத்தில், அலுவலக பீரோவில், புளித்த பண்டம் வைத்திருப்பது ஏன்?'

அக்கா நான்கு பக்கம் பதில் எழுதினார். பழைய படச்சுருள் ஒரு வகை பிளாஸ்டிக். சூட்டிலும் ஈரத்திலும் கிடந்தால் தானாகவே கெட ஆரம்பித்து வினிகர் ஆவியை விடும். அந்த ஆவி அடுத்த பெட்டியையும் கெடுக்கும். கூடையில் ஒரு பழம் அழுகின கதைதான். கெட்டது சுருங்கும், நெளியும், படம் அலை அலையாக உரிந்துகொண்டு வரும். கெட்டதைத் திரும்ப நல்லதாக்க முடியாது. குளிரிலும் உலர்ந்த காற்றிலும் வைத்தால் கெடுகிற வேகத்தைக் குறைக்கலாம். ஆகவே நான்கு டிகிரியில் ஒரு குளிர் அறை தேவை.

கண்காணிப்பாளர் பதிலைப் படித்தார். கடைசிப் பக்கத்து ஓரத்தில் எழுதினார்: 'விளக்கம் ஏற்கப்பட்டது. பண்டத்தை உடனே அப்புறப்படுத்தவும்.'

அதற்கப்புறம் கோப்பு நான்கு வருடம் தூங்கியது. குளிர் அறை என்றதும் கட்டடப் பிரிவு மின்பிரிவைக் கேட்டது. மின்பிரிவு, ஐஸ் எதற்கு என்று கேட்டது. அக்கா பாட்டுக்குத் தன்னால் ஆனதைச் செய்துகொண்டிருந்தார். துருப்பிடித்த பின்களைக் கழற்றினார். உருகி ஒட்டிக்கொண்ட ரப்பர் பேண்டுகளைச் சுரண்டினார். நெகட்டிவ்களைப் பழைய பிளாஸ்டிக் உறைகளிலிருந்து எடுத்து நல்ல காகித உறைகளுக்கு மாற்றினார். பெட்டிக்கு ஒரு சோதனைத் துண்டு போட்டார். நீலக் காகிதம், உள்ளே புளிப்பு ஏற ஏறப் பச்சையாகி மஞ்சளாகும். வருடத்துக்கு வருடம் மஞ்சள் கூடிக்கொண்டே வந்தது.

"அக்கா ரூம்ல மட்டும் எல்லாம் கலர்ஃபுல்லா இருக்கு" என்றது கணக்குப் பிரிவு.

அக்காவின் வீட்டுக்காரர் ஃப்ரிட்ஜ் மெக்கானிக். ஒரு நாள் மனைவியைக் கூட்டிப்போக வந்தவர் அறைக்குள் தலையை நீட்டி மூச்சை இழுத்துப் பார்த்தார்.

"ஏன்டி, இது ஆபீஸா, ஆஸ்பத்திரியா? உள்ள அறுபதாயிரம் பேர் சீக்காக் கிடக்கிற மாதிரி இருக்கே."

"அதத்தானே நாலு வருஷமா எழுதறேன்."

"எழுதினா சீக்கு போகுமா? பெரியவருக்கு ஒரு வலி வரணும். அப்பத்தான் போகும்."

பெரியவர் என்று எல்லோரும் சொன்னது தலைமைப் பொறியாளரை. அவருக்கு ஓய்வு பெற எட்டு மாதம் இருந்தது. ஓய்வு விழாவுக்கு ஒரு மலர் போடுவதாக ஏற்பாடு. அதன் அட்டைப்படத்தை அவர் என்றைக்கோ முடிவு செய்துவிட்டார். முப்பத்தொரு வருடத்துக்கு முன்னால், அவர் வேலையில் சேர்ந்த புதிதில், ஆற்றுப் பாலம் திறந்தார்கள். அன்றைக்கு மந்திரி கூட்டத்தில் தன்னை மட்டும் அருகே அழைத்து, தோளில் கை போட்டு, "இந்தப் பாலம் நிக்கிற வரைக்கும் உன் பேர் நிக்கும் தம்பி" என்றார் என்பது பெரியவர் சொல்லிவரும் கதை. அலுவலகத்தில் அதைக் கேட்காத காது கிடையாது. சிலர் இரண்டு மூன்று தடவை கேட்டுப் பதவி உயர்வும் வாங்கியிருந்தார்கள்.

அந்தப் படத்தைத் தேடித்தான் பெரியவர் முதல் தடவையாக மூன்றாம் மாடி ஏறி வந்தார். கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

"ஆத்துப் பாலம் திறப்பு விழா நெகட்டிவ் இருக்குல்ல?"

"இருக்கும் சார். 'திறந்தவை'ல எங்கயோ. இருபத்திரண்டாயிரம் உறை இருக்கு, ஒவ்வொண்ணாப் பாக்கணும்." அக்கா ஒரு பெட்டியைத் திறந்து மஞ்சளாகிப் போன துண்டைக் காட்டினார். "அதுவும் இந்த நிலைமையில இருந்தா ஒண்ணும் செய்ய முடியாது."

"என்ன ஆகும்?"

"நெளிஞ்சு உரிஞ்சு போயிடும் சார். முகமே தெரியாது."

பெரியவருக்கு அந்தக் கடைசி வாக்கியம் மட்டும்தான் காதில் விழுந்தது. கைக்குட்டையை எடுத்துவிட்டார். "முகமா? ஏம்மா, இத ஏன் முன்னாடியே சொல்லல?"

அக்கா நான்கு வருடக் கோப்பின் எண்ணைச் சொன்னார்.

நான்கு வருடம் நகராத கோப்பு நாற்பது நாளில் குளிர் அறையாகி நின்றது. தடித்த கதவு, உள்ளே இரும்பு அலமாரிகள், வெளியே குளிரையும் ஈரத்தையும் காட்டும் மீட்டர். அக்காவின் வீட்டுக்காரர் ஞாயிற்றுக்கிழமை வந்து கதவு ரப்பரைத் தடவிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "வேல சுத்தம்தான். ஆனா ஒரு வாரம் காலியா ஓட விடு. திறப்பு விழா முடியட்டும். அப்புறம் உள்ள வை."

விழா நடந்தது. எழுபது பேர், பன்னிரண்டு பேர் நிற்க வேண்டிய அறைக்குள் நின்றார்கள். பெரியவர் ரிப்பன் வெட்டி, "நம்ம துறையில நெகட்டிவ் பேச்சுக்கே இடமில்லன்னு சொல்லுவாங்க. இன்னிக்கு இடம் குடுத்துட்டோம்!" என்றார். கைதட்டலில் மீட்டர் நான்கிலிருந்து பத்தொன்பதுக்கு ஏறியது. அக்கா கதவோரம் நின்று மீட்டரையே பார்த்துக்கொண்டிருந்தார். படத்தில் அவர் மட்டும் பக்கவாட்டில் திரும்பியிருந்தார்.

அப்புறம் கோடை வந்தது. குளிர் அறைக்குள் தண்ணீர் பாட்டில்கள் முளைத்தன. ஒரு நாள் கண்காணிப்பாளரின் தர்பூசணி வந்து உட்கார்ந்தது. ஆள் ஆளாகக் கதவைத் திறந்து, "அக்கா, ரெண்டு நிமிஷம்" என்று உள்ளே போய் நின்றுவிட்டு வந்தார்கள். ஈர மீட்டர் ஏறியது.

அக்கா சண்டை போடவில்லை. தர்பூசணியைத் தூக்கிக் காற்றுப் புகாத பையில் போட்டு, காற்றை அழுத்தி வெளியேற்றி, மூடி, லேபிள் ஒட்டிப் பதிவேட்டில் ஏற்றினார். சாயங்காலம் கண்காணிப்பாளர் வந்து கேட்டபோது விண்ணப்பப் படிவத்தை நீட்டினார்.

"என்னம்மா இது?"

"உள்ள வெச்ச எந்தப் பொருளானாலும் படிவம் இருந்தாத்தான் வெளிய வரும் சார். வெளிய எடுத்து ஆறு மணி நேரம் கழிச்சுத்தான் பையத் திறக்கணும். இல்லன்னா பொருள் மேல வேர்த்துடும். நாளைக்குக் காலையில தரேன்."

"அது தர்பூசணிம்மா!"

"இதரவுல பதிஞ்சிருக்கேன் சார்."

சுற்றறிக்கை எதுவும் தேவைப்படவில்லை. மறுநாளிலிருந்து பாட்டில்கள் காணாமல் போயின. அக்கா நெகட்டிவ்களை உள்ளே ஏற்றத் தொடங்கினார். ஒவ்வொரு உறையையும் ஒளிப்பெட்டி மேல் வைத்து, லென்ஸால் பார்த்து, நல்லது ஒரு பக்கம், கெட்டது ஒரு பக்கம் என்று பிரித்து, பையில் அடைத்து அடுக்கினார். மூவாயிரத்துச் சொச்சமாவது உறையில் ஆற்றுப் பாலம் அகப்பட்டது.

பன்னிரண்டு நெகட்டிவ். பதினொன்று ஒன்றோடொன்று ஒட்டி அப்பளம் மாதிரி நெளிந்து கிடந்தன. ஒன்று மட்டும், எப்படியோ தனியாகக் காகிதத்தில் சுற்றியிருந்ததால், நேற்று எடுத்ததுபோல் இருந்தது. அக்கா லென்ஸை வைத்துப் பார்த்தார். மறுபடி பார்த்தார். ஸ்கேன் செய்து கணினியில் நேர்ப்படமாக்கி, மூன்றாம் தடவையும் பார்த்தார். பிறகு பெரியவருக்குப் போன் செய்தார்.

பெரியவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு ஆசையாகத் திரைக்கு முன்னால் உட்கார்ந்தார்.

நல்ல மழை. பாலத்தின் மூன்றாம் தூணுக்குப் பக்கத்தில், படித்துறையில் மந்திரி சிரித்துக்கொண்டு நிற்கிறார். அவர் கை ஒப்பந்தக்காரரின் தோளில் இருக்கிறது. மந்திரிக்குப் பின்னால் ஒல்லியாக ஒரு இளைஞன், தலையிலிருந்து கால்வரை நனைந்து, இரண்டு கையாலும் ஒரு பெரிய குடையை மந்திரியின் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டிருக்கிறான். வாய் லேசாகத் திறந்திருக்கிறது.

பெரியவர் கண்ணாடியைக் கழற்றி மறுபடி துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"இது நான் இல்ல" என்றார் பெரியவர்.

அக்கா உறையைத் திருப்பிக் காட்டினார். முன்னவரின் முத்துமுத்தான கையெழுத்து: 'மந்திரி. ஒப்பந்தக்காரர். குடை – புதிதாய் வந்த உதவிப் பொறியாளர்.'

"வேற படம் இருக்கணுமே? தோள்ல கை போட்டாரே?"

"மிச்சம் பதினொண்ணும் போச்சு சார்."

பெரியவர் எழுந்து கதவைச் சாத்திவிட்டு வந்தார். குரல் இறங்கிவிட்டது. "இந்தக் குளிர்ல வெச்சா இது எத்தன வருஷம் இருக்கும்?"

"இதுக்கு இன்னும் புளிப்பு ஏறவே இல்ல சார். ஒழுங்காப் பாத்துக்கிட்டா சில நூறு வருஷம்கூட இருக்கும்."

"சில நூறு..." பெரியவர் நெற்றியைத் தடவினார். "இந்த ஒண்ணுக்கு மட்டும் குளிர் வேணாம்மா. அந்தக் கெட்டுப்போனதோட போட்டுடுங்க. அதுபாட்டுக்கு இயற்கையாப் போகட்டும்."

"முடியாது சார். நல்லதக் கெட்டதோட வெக்கக் கூடாதுன்னு விதி. நீங்கதான் கையெழுத்துப் போட்டீங்க."

"நான் சொல்றேன்ல?"

"எழுத்துல குடுத்துடுங்க சார். வெச்சிடறேன்."

எழுத்தில் என்னவென்று கொடுப்பது? பெரியவர் மூன்று நாள் யோசித்தார். நான்காம் நாள் சுற்றறிக்கை வந்தது: மின்சிக்கனம் கருதி, குளிர் அறை மாலை ஐந்து மணி முதல் காலை ஒன்பது மணி வரை நிறுத்தி வைக்கப்படும்.

வீட்டுக்காரர் கேட்டதும் தட்டை நகர்த்தி வைத்தார். "குளிர வெக்கறது, சூடாக்கறது, மறுபடி குளிர வெக்கறது. இதுக்கு வெயில்லயே காயப்போடலாம். பை ஒவ்வொண்ணும் தெனமும் வேர்க்கும்."

"தெரியும்."

"இந்தா பாரு, நான் சொல்றதக் கேளு. அந்த ஒண்ணத் தூக்கி அவர் கையில குடுத்துட்டு மிச்சத்தக் காப்பாத்து. அறுபதாயிரத்துல ஒண்ணு போனா என்ன, குடியா முழுகிடும்?"

"உங்க கடைக்கு வர்ற ஃப்ரிட்ஜ்ல ஒரு ஸ்க்ரூ மட்டும் எடுத்துக்கறேன்னு ஒருத்தன் கேட்டா குடுப்பீங்களா?"

"எந்த ஸ்க்ரூன்னு பாத்துட்டுச் சொல்லுவேன்" என்றார் அவர்.

அக்கா சிரித்தார். ஆனால் அந்த வாரம் இரண்டு தடவை அந்தப் பையை அலமாரியிலிருந்து எடுத்தார். கையில் வைத்துப் பார்த்தார். ஒரு தபால் அட்டை கனம்கூட இல்லை. இதற்காக மற்றதையெல்லாம் பலி கொடுக்கிறேனோ என்று மனசு அடித்துக்கொண்டது. இது நேர்மையா, வீம்பா என்று அவருக்கே தெரியவில்லை. இரண்டு தடவையும் இருந்த இடத்திலேயே வைத்தார். பிறகு ஐந்து மணிக்கு அறையை நிறுத்தச் சாவியோடு வரும் மின்பிரிவுக்காரரிடம், "இன்னிக்கு முடியாது, படிவம் இல்ல" என்றார். ஒன்பது நாள் மின்பிரிவுக்காரர் படிவம் தேடினார். அப்படி ஒரு படிவம் கிடையாது.

பத்தாம் நாள், பாலப் பிரிவின் பெண் பொறியாளர் மூச்சு வாங்க மாடி ஏறி வந்தார். ஆற்றுப் பாலத்தின் மூன்றாம் தூணில் விரிசல். வெளியிலிருந்து வந்த நிபுணர், இது புது விரிசல், வளர்கிறது, பாலத்தை உடனே மூடி இடிக்க வேண்டும் என்கிறார். ஊர் இரண்டு பாதியாகிவிடும்.

"அந்தத் தூணோட பழைய படம் ஏதாவது இருக்கா அக்கா? ஒண்ணு போதும்."

"ஒண்ணுதான் இருக்கு" என்றார் அக்கா. "பெரியவர் கையெழுத்து வேணும்."

பெரியவர் விண்ணப்பத்தைப் பார்த்தார். கடிகாரத்தைப் பார்த்தார். முகம் கொஞ்சம் தெளிந்தது. "அடடா, கூட்டம் நாலு மணிக்காச்சே. வெளிய எடுத்து ஆறு மணி நேரம் ஆகணுமே. விதி விதிதானேம்மா?"

"காலையில எட்டரைக்கே எடுத்து வெச்சுட்டேன் சார். மூணாம் தூண்ல விரிசல்னு நேத்து சாயங்காலமே காதுல விழுந்துச்சு."

பெரியவர் கையெழுத்துப் போட்டார். பேனா கொஞ்சம் அழுத்தமாக ஓடியது.

ஸ்கேன் ஏற்கெனவே இருந்தாலும், பொறியாளருக்கு இன்னும் கூர்மையாக வேண்டியிருந்தது. அக்கா நெகட்டிவை மறுபடி ஸ்கேன் செய்து எடுத்துக்கொண்டு கூட்ட அறைக்குப் போனார். இருபது பொறியாளர்கள், நிபுணர், கண்காணிப்பாளர். மேஜையின் தலைப்பக்கம் பெரியவர், தூக்குத் தண்டனைக்கு நேரம் குறிக்கப்பட்டவர்போல. விளக்கை அணைத்தார்கள். சுவர் முழுக்க மழை பெய்தது. ஆளுயரத்துக்கும் மேலாக அந்த ஒல்லி இளைஞன் வாய் திறந்து குடை பிடித்தான்.

"ஆ!" என்றார் ஒருவர். பெரியவர் கண்ணை மூடிக்கொண்டார்.

"அதோ! தூணுக்கு எடது பக்கம்! விரிசல் அப்பவே இருக்கு!"

நாற்காலிகள் இழுபட்டன. எல்லோரும் சுவருக்கு ஓடினார்கள். பெண் பொறியாளர், கான்கிரீட் வார்த்தபோது தூணில் பதிந்த பலகைக் கோடுகளை எண்ணினார். "மூணாவது கோட்டுல ஆரம்பிச்சு ஏழாவது கோட்டுல முடியுது. நேத்து நான் அளந்ததும் மூணுலேந்து ஏழுதான். முப்பத்தொரு வருஷமா ஒரு விரல் கூட வளரல!" நிபுணர் கண்ணாடியை மாற்றிப் போட்டுக்கொண்டு பார்த்தார். இடிக்க வேண்டியதில்லை, பழுது பார்த்தால் போதுமாக இருக்கலாம், இன்னொரு சோதனை செய்துவிடலாம் என்று முனகினார்.

கால் மணி நேரம் விரிசல், விரிசல் என்றே பேச்சு ஓடியது. பெரியவர் ஒரு கண்ணைத் திறந்தார். அப்புறம் இன்னொன்றை. ஒருவரும் தன்னைப் பார்க்கவில்லை. சுவரில் இருந்தவனையும் பார்க்கவில்லை. ஒருவர் அவன் வயிற்றின் மேல் கையை ஊன்றிக்கொண்டு தூணைக் காட்டிக்கொண்டிருந்தார். பெரியவர் தொண்டையைச் செருமினார். மறுபடி செருமினார். கடைசியில் பொறுக்க முடியாமல் சொன்னார்:

"அந்தக் குடை பிடிச்சிருக்கறது நான்தான்."

பெண் பொறியாளர் திரும்பி, படத்தைப் பார்த்து, அவரைப் பார்த்து, உண்மையான வருத்தத்தோடு சொன்னார்: "அப்படியா சார்? கொஞ்சம் தள்ளி நின்னுருந்தீங்கன்னா தூண் முழுசாத் தெரிஞ்சிருக்கும்."

சிரிப்பு முதலில் பெரியவரிடமிருந்துதான் வந்தது. இருமலாக ஆரம்பித்துச் சிரிப்பாக முடிந்தது.

"தள்ளி நிக்க விட்டாங்களா? அந்த எடத்துல நிக்கச் சொன்னதே ஒப்பந்தக்காரர்தான். குடையத் தாழ்த்திப் பிடி, தாழ்த்திப் பிடின்னு காதுல சொல்லிக்கிட்டே இருந்தான். மந்திரி நனையாம இருக்கத்தான் சொல்றான்னு நெனச்சேன்." அவர் விரிசலைப் பார்த்தார். "எனக்குக் கை வலி. சரியாத் தாழ்த்தல."

"நல்லவேளை சார்" என்றார் யாரோ.

மறுநாள் மின்சிக்கனச் சுற்றறிக்கை ரத்தானது. குளிர் அறை இருபத்துநான்கு மணி நேரமும் ஓடலாம் என்று எழுத்திலேயே வந்தது. ஓய்வு விழா மலரின் அட்டையில் அந்தப் படமே வந்தது. மந்திரியையும் ஒப்பந்தக்காரரையும் வெட்டிவிட்டார்கள். குடையும் பெரியவரும் தூணும் மட்டும். கீழே ஒரு வரி: 'பணியில் சேர்ந்த முதல் மாதத்திலேயே, கொட்டும் மழையில், தூணின் விரிசலை ஆவணப்படுத்தும் பணியில்.' கண்காணிப்பாளர் எழுதிய வரி அது. அவருக்கு இன்னும் மூன்று வருட சர்வீஸ் இருந்தது.

ஓய்வு பெறும் அன்று மத்தியானம் பெரியவர் மூன்றாம் மாடிக்கு வந்தார். பாலப் பிரிவு இன்னொரு பிரதி கேட்டிருந்ததால் அந்த நெகட்டிவ் வெளியில்தான் இருந்தது. "அசலப் பாக்கலாமா?" என்றார். அக்கா அவருக்கு வெள்ளைக் கையுறையைக் கொடுத்து, ஓரத்தை மட்டும் பிடிக்கச் சொல்லிவிட்டு ஒளிப்பெட்டியைப் போட்டார். பெரியவர் லென்ஸில் கண்ணை வைத்து வெகுநேரம் குனிந்திருந்தார். நெகட்டிவில் மழை கறுப்பாய்ப் பெய்தது. குடை வெள்ளையாய் இருந்தது. அந்த இளைஞனின் கறுத்த முடி பளிச்சென்று வெளுத்துத் தெரிந்தது.

"ஏம்மா," என்றார் நிமிராமலே, "எனக்கு அப்பவே நரைச்சிருக்கே."

"நெகட்டிவ்ல எல்லாருக்கும் அப்படித்தான் சார்."

அவர் கையுறையைக் கழற்றி, மடித்து வைத்துவிட்டுக் கீழே போனார். விழாவுக்கு மைக் சோதிக்கும் சத்தம் கேட்டது. அக்கா நெகட்டிவை உறையில் போட்டு, பையில் அடைத்து, காற்றை அழுத்தி வெளியேற்றி, தேதி எழுதினார். அப்புறம் அடுத்த பெட்டியை இழுத்தார். கலர் ஸ்லைடுகள். எல்லாம் வெளிறிச் சிவந்து போய், ஒரு தண்ணீர்த் தொட்டி செம்பருத்திப் பூ நிறத்தில் நின்றது. இன்னும் ஐம்பத்தாறாயிரத்துச் சொச்சம் பாக்கி.